எகிப்திலிருந்து கொட்டாஞ்சேனைக்கு வந்த கடிதங்களில் போர் ஏன் இல்லை?

நீங்கள் கேட்டது இதுதான். உங்கள் அப்பப்பா இரண்டாம் உலகப் போரின்போது, 1941இல், பிரித்தானிய இராணுவத்தில் லொறிச் சாரதியாகச் சேர்ந்து முதலில் எகிப்துக்கும் பிறகு இத்தாலிக்கும் போனவர். அப்பம்மா அப்போது கைக்குழந்தையோடு கொழும்பின் கொட்டாஞ்சேனையில் தகப்பனார் வீட்டில் இருந்தார். அப்பப்பா அனுப்பிய கடிதங்கள் ஒரு பழைய பிஸ்கற் ரின்னுக்குள் இருந்து இப்போதுதான் உங்கள் கைக்கு வந்திருக்கின்றன. எல்லாமே மாமனார் பெயருக்கு எழுதியவை. "நான் நலம். உங்கள் நலத்துக்கு ஆண்டவனை வேண்டுகிறேன்" என்று தொடங்கி, அரிசி கிடைக்கிறதா, கூரை ஒழுகுகிறதா, பிள்ளைக்குப் பல் முளைத்துவிட்டதா என்று கேட்டு முடிகின்றன. குண்டு இல்லை, சாவு இல்லை, பயம் இல்லை. அப்பம்மாவுக்கென்று அன்பாக ஒரு சொல்கூட இல்லை. "இவருக்குக் குடும்பத்தின் மேல் பாசமே இருக்கவில்லையா?" என்று கேட்டு எழுதியிருக்கிறீர்கள்.

இருந்தது. நீங்கள் படம் பிடித்து அனுப்பிய பக்கங்களிலேயே அது நிறைந்து கிடக்கிறது. அவர் சொல்லியிருப்பதை விட்டுவிட்டு, கேட்டிருப்பதை மட்டும் ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.

முதலில், அந்தக் கடிதத்தை யார் யாரெல்லாம் வாசித்தார்கள் என்று யோசிக்க வேண்டும். போர்முனையில் இருக்கும் சிப்பாய் கடிதத்தை ஒட்டிக் கொடுக்க முடியாது. திறந்தபடியே தன் பிரிவின் அதிகாரியிடம் கொடுக்க வேண்டும். அவர் வாசித்து, ஆகாதது எது இருந்தாலும் மையால் அழிப்பார், அல்லது கத்தரியால் வெட்டி எடுப்பார். பிறகுதான் தணிக்கை முத்திரை விழும். இடத்தின் பெயர், பிரிவின் பெயர், எங்கே போகிறோம், எத்தனை பேர் செத்தார்கள் என்று எதையும் எழுதக்கூடாது. நாளும் முகம் பார்க்கும் தன் அதிகாரி தன் மனைவிக்கு எழுதுவதை வாசிக்கிறார் என்று தெரிந்துகொண்டு ஒருவன் என்னத்தை எழுதுவான்? இதற்காகவே பச்சை நிற உறை ஒன்று அவ்வப்போது கொடுக்கப்பட்டது. உள்ளே இருப்பது சொந்த, குடும்ப விடயம் மட்டுமே என்று கையெழுத்திட்டால் பிரிவின் அதிகாரி அதைத் திறக்கமாட்டார். ஆனாலும் பின்தளத்தில் இருக்கும் தணிக்கைக்காரர் திறந்து பார்க்கலாம்.

சில கடிதங்கள் ஆங்கிலத்திலும் சில தமிழிலும் இருப்பதற்கும் காரணம் இங்கேதான். அதிகாரிக்குப் புரியாத மொழியில் எழுதினால் அந்தக் கடிதம் அந்த மொழி தெரிந்த தணிக்கையாளரைத் தேடிப் பின்தளத்துக்குப் போக வேண்டும். அதனால் சுணங்கும். சீக்கிரம் போய்ச் சேர வேண்டியதை ஆங்கிலத்திலும், சுணங்கினாலும் பரவாயில்லை என்பதைத் தமிழிலும் எழுதியிருக்கிறார் என்றே நினைக்கிறேன். ஆங்கிலக் கடிதங்களில் பணம், விலாசம், உடல்நலம். தமிழ்க் கடிதங்களில் பிள்ளை. பிரித்து அடுக்கிப் பாருங்கள், தெரியும்.

அடுத்த வாசகர் கொட்டாஞ்சேனை வீட்டுக்காரர். அப்பம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது என்கிறீர்கள். அப்படியென்றால் யாரோ விறாந்தையில் இருந்து உரக்க வாசித்திருப்பார்கள். மாமனார், மாமி, மச்சான்மார், பக்கத்து வீட்டுக்காரர் எல்லோரும் சுற்றி இருந்திருப்பார்கள். அந்தத் தலைமுறை ஆண்கள் மனைவியின் பெயரை நாலு பேர் முன்னால் கூப்பிடவே கூசியவர்கள். பாசறையில் இருக்கும் தலைவன் தன் ஏக்கத்தைத் தலைவியிடம் நேரே சொல்லாமல் தேர்ப்பாகனிடம் சொல்லுவதுதான் எங்கள் பழைய முல்லைப் பாட்டுகளின் வழக்கம். உங்கள் அப்பப்பாவும் வேறொருவரிடம் சொல்லித்தான் அனுப்பியிருக்கிறார். யாரிடம் என்று பார்த்தீர்களா?

பிள்ளையிடம். 1942 பெப்ரவரியில் எழுதிய தமிழ்க் கடிதத்தின் அடியில், பல்லே முளைக்காத குழந்தைக்கு மூன்று வரி எழுதியிருக்கிறார்: "குழப்படி செய்யாதே. அம்மாவை நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லு. இரவில் அம்மாவை நித்திரை கொள்ள விடு." மாமனார் இதை வாசிக்கும்போது எல்லோரும் சிரித்திருப்பார்கள். குழந்தையை மடியில் வைத்திருந்த ஒருத்திக்கு மட்டும் அது யாருக்கு எழுதியது என்று தெரிந்திருக்கும். இதற்கு மேல் ஒரு அன்பு வார்த்தையை அந்தக் காலத்துக் கடிதத்தில் தேடாதீர்கள்.

எங்கள் உள்நாட்டுப் போர்க்காலத்தில் செஞ்சிலுவைச் சங்கக் கடிதம் பெற்ற வீடுகள் கொழும்பிலும் இருக்கின்றன. குடும்பச் செய்தி மட்டும்தான் எழுதலாம், ஒட்ட முடியாது, அதிகாரிகள் வாசித்துவிட்டுத்தான் தருவார்கள். வெள்ளவத்தையில் எனக்குத் தெரிந்த ஒரு தாய், மகனிடம் இருந்து வந்த அப்படியொரு கடிதத்தை வைத்திருக்கிறார். அதிலும் இதே வரிகள்தான்: நான் சுகம், தங்கச்சி படிக்கிறாளா, மாமரம் காய்த்ததா. அதை வாசித்த யாரும் அவனுக்குப் பாசம் இல்லை என்று சொல்லமாட்டார்கள்.

சரி, "கூரை" விடயத்துக்கு வருவோம். 1942 ஏப்ரலுக்குப் பிறகு வந்த நாலு கடிதங்களிலும் கூரையைக் கேட்கிறார். உங்களுக்கு இது சலிப்பாகத் தெரிந்திருக்கிறது. திகதியைப் பாருங்கள். 1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு. காலைப் பூசை நேரத்தில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களோடு அட்மிரல் நகுமோவின் படை வந்திருந்தது. கொக்கலையில் இருந்து கட்டலீனா விமானத்தில் போன கனேடிய விமானி லெனார்ட் பேர்ச்சால் முதல் நாளே அந்தக் கப்பல்களைக் கண்டு செய்தி அனுப்பியதால், துறைமுகத்தில் இருந்த கப்பல்களில் பெரும்பாலானவை வெளியேறிவிட்டன. மிஞ்சி நின்றவற்றுள் ஹெக்டர், டெனடோஸ் என்ற இரண்டு போர்க்கப்பல்கள் துறைமுகத்திலேயே அழிந்தன. இரத்மலானையில் குண்டு விழுந்தது. அங்கொடை மனநோய் வைத்தியசாலையிலும் விழுந்தது.

கொட்டாஞ்சேனை துறைமுகத்தை ஒட்டிய இடம் என்பதை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அந்தத் தாக்குதலோடு சனம் கிடைத்த ரயிலில் ஏறி ஊர்களுக்கு ஓடியது. காலிமுகத்திடலில் நின்ற முதலாம் உலகப் போரின் நினைவுத்தூணையே, எதிரிக் கப்பல்களுக்குக் குறியாகிவிடும் என்று அஞ்சிக் கழற்றி எடுத்தார்கள். ஆங்கிலக் கட்டடக்கலைஞர் லட்யன்ஸ் வடிவமைத்த அந்தத் தூண் இப்போது பொது நூலகத்தின் பின்னால், விகாரமகாதேவி பூங்காவில் நிற்கிறது. பெரிய பயம் பிடித்திருந்த நகரம் அது.

இப்போது பாலைவனத்தில் இருக்கும் மனிதனை நினைத்துப் பாருங்கள். போருக்குப் போனவனை எண்ணி வீட்டார் தவிப்பதுதான் வழக்கம். இங்கே அது தலைகீழாகிவிட்டது. கொழும்பில் குண்டு விழுந்தது என்ற செய்தி வானொலியில் உலகம் முழுக்கப் போய்விட்டது. எந்தத் தெரு, எந்த வீடு என்று அவருக்கு யார் சொல்வது? வீட்டிலிருந்து கடிதம் கப்பலில் வர வாரக்கணக்கு, சிலவேளை மாதக்கணக்கு. வந்தாலும் சேதத்தைப் பற்றி வீட்டாரும் எழுத முடியாது, ஏனென்றால் இங்கேயும் தணிக்கை இருந்தது. அதனால் அவர் கேட்கிறார்: "கூரை எப்படி? ஓடு ஏதும் மாற்ற வேண்டி வந்ததா?" மாமனார் புத்திசாலி. அவர் எழுதிய பதில் உங்களிடம் இல்லை, ஆனால் ஓகஸ்ட் கடிதத்தில் அப்பப்பா, "கூரை பழுதில்லை என்று அறிந்து மெத்தச் சந்தோசம்" என்று எழுதியிருக்கிறார். நாலு மாதம். நாலு மாதம் அந்த மனிதன் தன் வீடு நிற்கிறதா என்று தெரியாமல் லொறி ஓட்டியிருக்கிறார். உங்கள் கேள்விக்கு இதைவிட நேரான பதில் என்னிடம் இல்லை.

இப்படிச் சொல்லாமல் சொல்வது புதிதல்ல. முதலாம் உலகப் போரில் பிரான்ஸ் போர்முனைக்குப் போன இந்தியச் சிப்பாய்கள், இந்தியப் படையைக் கறுப்பு மிளகு என்றும் வெள்ளைக்காரப் படையைச் சிவப்பு மிளகாய் என்றும் ஊருக்கு எழுதினார்கள். மிளகு தீர்ந்துகொண்டு வருகிறது என்று எழுதினால் எங்கள் ஆட்கள் செத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று பொருள். தணிக்கைக்காரர்கள் அதைக் கண்டுபிடித்துக் குறித்தும் வைத்தார்கள். கூரையை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

அரிசியும் அப்படித்தான். 1942 மார்ச்சில் பர்மாவின் ரங்கூன் ஜப்பானியரிடம் விழுந்தது. இலங்கை தின்ற அரிசியில் பெரும்பங்கு கடல் கடந்து வந்தது, அதிலும் பர்மா அரிசியே முக்கியம். அது ஒரேயடியாக நின்றது. பங்கீட்டுக் கூப்பன் வந்தது, அளவு வந்தது, சோறு தின்ற வீடுகள் பாணுக்கும் கோதுமை மாவுக்கும் பழக வேண்டி வந்தது. சிப்பாயின் சம்பளத்தில் ஒரு பங்கு நேரே வீட்டுக்குப் போகும்படி ஒதுக்கி வைக்கும் ஏற்பாடு இருந்தது. "பணம் ஒழுங்காகக் கைக்கு வருகிறதா, அரிசி கிடைக்கிறதா" என்று ஒவ்வொரு கடிதத்திலும் அவர் கேட்பதன் பின்னால் இந்தக் கணக்கு ஓடுகிறது. கட்டாய ஆட்சேர்ப்பு இலங்கையில் இருக்கவில்லை. பலர் சம்பளத்துக்காகத்தான் போனார்கள். பிள்ளைக்குச் சோறு போடுவதற்காகப் போன தகப்பன், அந்தச் சோறு கிடைக்கிறதா என்று கேட்காமல் வேறு எதைக் கேட்பான்?

போரைப் பற்றி ஒரு வரியும் இல்லை என்றீர்களே, ஒன்று இருக்கிறது. அது உங்கள் கண்ணுக்குத் தப்பிவிட்டது, தணிக்கை அதிகாரியின் கண்ணுக்கும் தப்பிவிட்டது. 1942 ஜூலைக் கடிதம், இரண்டாவது பக்கம்: "இங்கே தேத்தண்ணியில் பெற்றோல் மணக்குது. குடிச்சுப் பழகிவிட்டது." சும்மா ஒரு முறைப்பாடு போலத்தான் இருக்கிறது. ஆனால் வட ஆபிரிக்காவில் லொறி ஓட்டியவர்களின் முழு வாழ்க்கையும் அந்த வரிக்குள் இருக்கிறது. பிரித்தானியப் படை பெற்றோலை நாலு கலன் பிடிக்கும் மெல்லிய தகர ரின்களில் கொண்டுபோனது. குலுக்கலில் ஒட்டு விட்டு ஒழுகும். லொறியின் பின்பக்கம் முழுக்கப் பெற்றோல் ஆவி. ஒரு பொறி போதும், சாரதியும் சேர்ந்து எரிந்துபோக. ஜேர்மானியர்களின் தடித்த கான்களைக் கண்டு பொறாமைப்பட்டு, கைப்பற்றியதையெல்லாம் எடுத்துப் பாவித்து, கடைசியில் அதைப் பார்த்தே தாங்களும் செய்தார்கள். வெறுமையான பெற்றோல் ரின்களில் தண்ணீரும் கொண்டுபோனார்கள். எவ்வளவு கழுவினாலும் மணம் போகாது. லொறி நின்ற இடத்தில் ஒரு ரின்னைப் பாதியாக வெட்டி, மணலை நிரப்பி, மேலே பெற்றோலை ஊற்றிக் கொளுத்தினால் அதுதான் அடுப்பு. மற்ற ரின்னில் தண்ணீர் கொதிக்கும். அதில் போட்ட தேயிலை இலங்கை மலைநாட்டில் இருந்து வந்ததாகவும் இருந்திருக்கலாம். கொழும்புத் துறைமுகத்தால் போன தேயிலையைப் பெற்றோல் தண்ணீரில் போட்டுக் குடித்துக்கொண்டு, ஒரு கொழும்புக்காரர் அதை வீட்டுக்கு எழுதுகிறார்.

அந்தக் கடிதத்தின் திகதியையும் கவனியுங்கள். 1942 ஜூன் 21இல் லிபியாவின் டோப்ருக் ஜேர்மானியரிடம் விழுந்தது. பிரித்தானியப் படை அடிபட்டு எகிப்தின் எல் அலமெய்ன் வரை பின்வாங்கியது. அந்தப் பின்வாங்கலில் லொறிகள் பகலில் விமானத் தாக்குதலுக்குத் தப்பி, இரவில் விளக்கில்லாமல் ஓடின. கண்ணிவெடி எங்கே என்று தெரியாது. மணற்காற்றடித்தால் முன்னால் போகும் லொறியே தெரியாது. சாரதிகள் துப்பாக்கி ஏந்திய சண்டைக்காரர்கள் இல்லை என்று பிறகு பலரும் இளக்காரமாகச் சொன்னதுண்டு. எனக்கு அது பொறுக்காது. பெற்றோலும் குண்டும் ஏற்றிய லொறியை நெருப்புக்குள் ஓட்டுகிறவனுக்குப் பதுங்கக் குழிகூடக் கிடையாது. அதன் நடுவில் எழுதிய கடிதம் அது. தேத்தண்ணியைப் பற்றி எழுதினார்.

மனதில் பட்டதை எழுதாமல் விட இன்னொரு காரணமும் இருந்திருக்கும். அதே 1942 மே 8 இரவு, இந்து சமுத்திரத்தின் கொக்கோஸ் தீவுகளில் இலங்கை பீரங்கிப் படையைச் சேர்ந்த ஒரு குழு கலகம் செய்தது. கிரேஷன் பெர்னாண்டோ, கார்லோ கௌடர், பெனி டி சில்வா என்ற மூவர் ஓகஸ்டில் வெலிக்கடைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள். அந்தப் போரில் கலகக் குற்றத்துக்காகத் தூக்குக்குப் போன பொதுநலவாயப் படையினர் அவர்கள் மூவரும்தான். இலங்கைச் சிப்பாய் ஒருவன் மனக்குறையைக் கடிதாசியில் கொட்டக்கூடிய காலமா அது?

1944 ஜனவரிக்குப் பிறகு நீண்ட இடைவெளி இருப்பதைக் கேட்டிருந்தீர்கள். இரண்டு விதமாக நடந்திருக்கலாம். ஒன்று, அவர் இத்தாலிக்கு மாறிப் போயிருக்கலாம். விலாசத்தைப் பாருங்கள். மத்திய கிழக்குப் படைக்கு எம்.ஈ.எஃப். என்றும், இத்தாலியில் இருந்த படைக்கு சி.எம்.எஃப். என்றும் போடுவார்கள். எந்தக் கடிதத்தில் அது மாறுகிறதோ அதற்குச் சற்று முன்தான் அவர் கடல் கடந்திருக்கிறார். மற்றது, இந்து சமுத்திரம் அப்போது நல்ல கடலாக இருக்கவில்லை. 1944 பெப்ரவரி 12இல் மொம்பாசாவில் இருந்து கொழும்புக்கு வந்துகொண்டிருந்த கெடிவ் இஸ்மாயில் என்ற கப்பலை மாலைதீவுக்குக் கிட்ட ஜப்பானிய நீர்மூழ்கி மூழ்கடித்ததில் ஏறக்குறைய 1,300 பேர் செத்தார்கள். ஆட்களே வந்துசேராத கடலில் கடிதம் எத்தனை போயிருக்கும்.

இடையில் இருக்கும் தந்திகள் ஏன் எல்லாம் ஒரே மாதிரி வாசகங்கள் என்றால், அவை அச்சடித்த பட்டியலில் இருந்து எடுத்தவை. சிப்பாய்களுக்கென்று எண்ணிட்ட வாசகங்கள் இருந்தன. மூன்றைத் தெரிவு செய்து மலிவு விலையில் அனுப்பலாம். அவர் தெரிவு செய்ததில் ஒவ்வொரு முறையும் "பிள்ளைக்கு அன்பு" என்ற பொருள்படும் வாசகம் இருக்கிறது. பட்டியலில் எத்தனையோ இருக்க அதையே எடுத்திருக்கிறார்.

1945 கடிதங்களில் கோபம் தெரிகிறது என்றீர்கள். சரிதான். மே மாதம் ஐரோப்பாவில் போர் முடிந்துவிட்டது. ஆனால் கப்பலில் இடமில்லை, வயதையும் சேவைக்காலத்தையும் பார்த்து முறைவைத்து அனுப்பினார்கள். அபாயம் இருக்கும்வரை ஏக்கத்தை அடக்கி வைத்தவர்களுக்கு, அபாயம் முடிந்த பிறகு காத்திருப்பதுதான் பொறுக்க முடியாமல் இருந்தது. "பிள்ளை பள்ளிக்கூடம் போகிற வயதாகிவிட்டது, என்னைத் தெரியாது" என்று அவர் முதல்முறையாகத் தன்னைப் பற்றி எழுதுவது 1945 ஒக்டோபரில்தான். அப்போது தணிக்கையும் தளர்ந்துவிட்டது.

திரும்பி வந்த பிறகு ஏன் யாரிடமும் கதைக்கவில்லை என்பதற்கு என் கருத்தைச் சொல்கிறேன். கேட்க ஆள் இருக்கவில்லை. இரண்டு வருடத்தில் நாடு சுதந்திரம் பெற்றது. வெள்ளைக்காரனின் போரில் லொறி ஓட்டியவன் எந்தக் கொடிக்கும் வீரன் இல்லை. அவரும் வேலையைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டார்.

இனிச் செய்ய வேண்டியது. அவர் சேர்ந்தது பிரித்தானிய இராணுவப் பிரிவு என்றால் சேவைப் பதிவேடு இங்கிலாந்தில்தான் இருக்கும். அங்குள்ள பாதுகாப்பு அமைச்சிடம் இருந்த பதிவேடுகள் 2022 முதல் தேசிய ஆவணக் காப்பகத்துக்கு மாற்றப்பட்டு வருகின்றன. படை எண், முழுப்பெயர், பிறந்த திகதி இருந்தால் வாரிசு என்ற முறையில் விண்ணப்பிக்கலாம். இலங்கைப் பாதுகாப்புப் படை என்றால் தேடலை இங்கே, கொழும்பு 7இல் உள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தில் தொடங்குங்கள். பதக்கங்களில் பெயர் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம், அந்தப் போரின் பிரித்தானிய இராணுவப் பதக்கங்கள் பெயர் பொறிக்காமல்தான் கொடுக்கப்பட்டன. மணல் நிறத்தின் நடுவே சிவப்புக் கோடு ஓடும் நாடா ஆபிரிக்க நட்சத்திரம். இத்தாலிக் கொடியின் பச்சை, வெள்ளை, சிவப்பு உள்ளது இத்தாலி நட்சத்திரம்.

கடிதங்களை லமினேட் செய்யாதீர்கள், செலோரேப் ஒட்டாதீர்கள். கொழும்பின் ஈரக்காற்றுக்குப் பொலித்தீன் உறையும் கூடாது, உள்ளே பூஞ்சணம் பிடிக்கும். உறைகளை வீசிவிடாதீர்கள். களத் தபாற் கந்தோரின் எண்ணும் தணிக்கை முத்திரையின் எண்ணும் உறையில்தான் இருக்கின்றன. அவற்றைக் கொண்டு அவர் எந்த மாதம் எங்கே இருந்தார் என்பதைப் பெரும்பாலும் கண்டுபிடிக்கலாம். உறைகளின் இரண்டு பக்கத்தையும் படம் பிடித்து அனுப்புங்கள், நான் பார்த்துச் சொல்கிறேன்.

அதற்கு முன் உங்கள் பெரிய மாமியிடம் போங்கள். அந்தப் பல் முளைக்காத பிள்ளை அவர்தானே. எண்பது தாண்டிவிட்டார் என்றீர்கள். கப்பலால் இறங்கி வந்த தகப்பனை முதன்முதல் கண்டது அவருக்கு நினைவிருக்கும், ஐந்து வயதுப் பிள்ளைக்கு அது நினைவிருக்கக்கூடியதுதான். அந்த மூன்று வரியையும் அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். அவர் சொல்வதைக் கைபேசியில் பதிவு செய்யுங்கள். இதை அடுத்த விடுமுறைக்கு என்று தள்ளிப் போடாதீர்கள், இந்த மாதமே போங்கள்.